உங்கள் அம்மாவின் சிவப்புக்கல் தோடு

பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்காக இன்று சோலியை விட்டு வந்திருக்கும் சொந்தங்களே, சிநேகிதர்களே,

அம்மாவின் வருஷ நினைவு மலரில் அப்பா ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று சின்னவன் தாளும் பேனாவும் வைத்துவிட்டுப் போய் ஒரு மாதமாகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். உடம்பிலும் தெம்பில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் ஒரு பழி நிற்கும். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அம்மா மாயவரம் பக்கம் பிறந்தவர். நான்கு பெண்களில் மூன்றாமவர். கல்யாணமாகி ஆறாம் மாதம் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். வழியெல்லாம் வாந்தி. இங்கே இறங்கியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, தரை ஏன் இன்னும் ஆடுது?" என்பதுதான். தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்களுக்கு ஓர் அறை. அவர் காதில் அவருடைய அம்மா போட்டனுப்பிய சிவப்புக்கல் தோடு. ஒன்றுக்கு ஏழு கல்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான்.

சைக்கிளிலிருந்து விழுந்து என் முன்பல் இரண்டும் போனதாக உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அப்போது என்னிடம் சைக்கிளே கிடையாது.

கால்வாய்ப் பாலத்தில் துப்பாக்கியோடு சிப்பாய் நிற்பான். குனிந்து வணங்கிவிட்டுத்தான் கடக்க வேண்டும். நாங்கள் இருவரும் மரவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு வந்தோம். சரியாக அவன் முன்னால் வந்தபோது அம்மாவின் செருப்பு வார் அறுந்தது. "ஏங்க, இருங்க" என்றார். திரும்பிப் பார்த்தேன். குனிய வேண்டியவன் முதுகைக் காட்டிவிட்டேன். துப்பாக்கிக் கட்டை வாயில் விழுந்தது.

"நான் கூப்பிட்டதாலதான், நான் கூப்பிட்டதாலதான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பிற்பாடு யாராவது என் பல்லைப் பற்றிக் கேட்டாலே அவர் முகம் சுருங்கிவிடும். அதற்காகத்தான் அந்தச் சைக்கிளைக் கண்டுபிடித்தேன்.

பல் போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. கிடங்கில் என் வேலை, மூட்டை இறங்க இறங்க ஜப்பான் பாஷையில் உரக்க எண்ணுவது. இச்சி, நி, சான், ஷி என்று போகும். முன்பல் இல்லாத வாயில் 'ஷி' வரவில்லை, காற்றுதான் வந்தது. மேலாளன் நான் கேலி செய்வதாக நினைத்து அறைந்தான். இன்னொரு முறை அப்படிச் செய்தால் சயாமுக்கு ரயில்பாதை போட அனுப்பிவிடுவேன் என்றான். அவன் வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் கிடங்கிலிருந்து அப்படிப் போன இருவர் திரும்பவே இல்லை. பெரியவள் அப்போது அம்மா வயிற்றில் ஐந்து மாதம்.

ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டு மாடியில் பல் கட்டும் சீனர் ஒருவர் இருந்தார். வயதானவர், மலாயில்தான் பேசுவார். என் வாயைப் பார்த்துவிட்டு, "ஜம்பாத்தான் வேணும்" என்றார். மலாயில் ஜம்பாத்தான் என்றால் பாலம். சந்தையில் பழகியதில் அம்மாவுக்கும் மலாய் தெரியும். சட்டென்று எழுந்துவிட்டார்.

"பாலத்துக்கா? இனி எந்தப் பாலத்துக்கும் இவரை அனுப்ப மாட்டேன்னு அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க. வாங்க, போவோம்."

சீனருக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா வாசல் வரை போய்விட்டார். சீனர் ஓடிவந்து மறித்து, இரண்டு தேநீர்க் கோப்பைகளைத் தள்ளித்தள்ளி வைத்து, மேலே ஒரு கரண்டியைக் குறுக்காகப் போட்டார். கோப்பைகளைக் காட்டி, "இது இருக்கிற பல்" என்றார். நடுவிலிருந்த கரண்டியைத் தட்டி, "இது புதுப் பல். இதுதான் ஜம்பாத்தான்" என்றார். அன்று அம்மா சிரித்த சிரிப்பு, ஜப்பான்காரன் இருந்த அந்த மூன்றரை வருஷத்தில் நான் கேட்ட ஒரே சிரிப்பு.

பக்கத்திலிருக்கும் நல்ல பல் இரண்டையும் தேய்த்து ஒல்லியாக்கி, அவற்றின் மேல் தங்கத் தொப்பி போட்டுத்தான் நடுப்பல் நிற்குமாம். எனக்கு மனசு வரவில்லை.

"நல்லா இருக்கிறதையா தேய்க்கிறது?"

"தேயட்டுங்க. நடுவுல உள்ளது விழாமப் பிடிச்சிக்கிட்டா போதும்" என்றார் அம்மா.

வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை நீட்டினேன். சீனர் கையைக் கட்டிக்கொண்டார். "வாழை இலையிலயா பல் கட்டுறது? தங்கம் கொண்டு வா."

மறுநாள் சிராங்கூன் சாலைப் பத்தரிடம் அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். பதினான்கு கல்லையும் பெயர்த்துத் தாளில் மடித்துக் கொடுத்தார் பத்தர். அம்மா அதைத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். காதில் துடைப்பக் குச்சி. தங்கம் என் வாய்க்கு வந்தது. கட்டி முடித்த அன்று என்னை எதிரில் உட்காரவைத்து எண்ணச் சொன்னார். "ஷி" என்றேன். "இன்னொரு தடவை" என்றார். "ஷிச்சி" என்றேன். "பொழைச்சோம்" என்றார். அடுத்த நாள் மேலாளன் பக்கத்தில் நின்று இருபது மூட்டை வரை கேட்டுவிட்டுப் போய்விட்டான். நான் சயாமுக்குப் போகவில்லை. பெரியவள் அப்பன் முகம் பார்த்துப் பிறந்தாள்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தபின் அம்மாவுக்குச் சிறியதாய் ஒரு தோடு வாங்கிக் கொடுத்தேன். கல் வைத்துப் பழையபடி செய்யலாம் என்றால் சம்மதிக்கவில்லை. "பழசுதான் பத்திரமா இருக்கே. காதுல இருந்தா கண்ணாடியிலதான் பாக்கணும். இப்ப நேராவே பாக்குறேன்" என்பார். உங்களில் யார் கேட்டாலும், "பத்திரமா இருக்கு" என்று மட்டும் சொல்வார். பெட்டியில் இருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள்.

பிறகு உங்களை வளர்த்த கதை உங்களுக்கே தெரியும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்தே உலை வைப்பார். கடைசி இரண்டு வருஷம் இனிப்பு நீர் நோய் வந்து படுத்துவிட்டார். குளிப்பாட்டி, ஊட்டி, பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லாம் பார்த்தவள் பெரியவள். கடைசி வாரம் நினைவு தப்பித் தப்பி வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த உங்கள் சித்தி முன்னால், என்னைப் பார்த்து, "தோடு பத்திரமா இருக்கா?" என்றார். வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். திறந்திருக்க வேண்டும்.

காரியம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது தீப்பெட்டியில் கல் இருந்தது, தங்கம் இல்லை. "கல்லை வச்சிட்டுத் தங்கத்தை எடுக்க ஒரு மனசு வேணும்டி" என்று சித்தி சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. பெரியவள் சாவியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாலம் வரும், செருப்பு வரும், அம்மா ஆயுசுக்கும் சுமந்தது சபைக்கு வரும் என்று தயங்கினேன். தயக்கத்திலேயே ஒரு வருஷம் போய்விட்டது. சித்தியை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு அது அவருடைய அம்மா கைப்பட்ட தோடு.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன மாடிவீட்டு மலாய்க்காரத் தம்பிகளுக்கும், நாள் தவறாமல் கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அம்மாவுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், இன்று அடுப்படியில் நிற்பவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பெரியவளுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்தப் பதினான்கு கல்லும் அவளுக்குத்தான். சாவியையும் அவள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்காவது இன்னும் சந்தேகம் இருந்தால், நான் வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சித்தியே முதலில் வரட்டும். வாயைத் திறந்து காட்டுகிறேன். உங்கள் அம்மா பொய் சொல்லவில்லை. பத்திரமாகத்தான் இருக்கிறது.