இரண்டு தொடையிலும் ஊசி

போர்வெல் லாரியில் வேலை செய்கிறவனுக்கு வீடு என்பது வந்து போகிற இடம்தான். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து நான் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். மழை பிடித்தால் ஜவ்வாது மலைக்கு வருவேன். சாமை அறுத்து முடித்ததும் கிளம்பிவிடுவேன்.

எங்கள் முதல் பையன் தவழ்கிற வயதில் போய்விட்டான். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. கம்பளியில் தூளி கட்டி, ஆலங்காயம் போகும் ரோட்டை நோக்கித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ரோடு வருவதற்கு முன்பே தூளி அசைவது நின்றுவிட்டது. நிமோனியா என்று பிறகு சொன்னார்கள்.

அடுத்தது பெண். ஒன்றரை மாதத்தில் அங்கன்வாடியில் தடுப்பூசி போட்டார்கள். இடது தொடையில் ஒன்று போட்டுவிட்டு, வலது தொடைக்கு நர்ஸம்மா இன்னொன்றை எடுத்ததும் என் மனைவி குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஒரே நாள்ல எத்தினி ஊசிங்க? கொயந்த தாங்குமா?"

"தாங்கும்மா. இது நிமோனியாவுக்கு. அந்தக் கிருமி மேல சர்க்கரையால ஆன ஒரு போர்வ இருக்கும். கைக்கொயந்த ஒடம்புக்கு அத எதிரின்னே தெரியாது. அதனால அந்தப் போர்வையில துளி எடுத்து, ஒடம்பு கண்டுக்கற ஒரு புரதத்தோட ஒட்டி இருக்காங்க. இனிமே ஒடம்பு உஷாராயிடும்."

"அப்ப சளியே புடிக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"புடிக்கும்பா. எல்லா சளிக்கும் இது இல்ல. உயிருக்கு ஆபத்தான நிமோனியா நெறைய இந்தக் கிருமியாலதான் வருது, அதுக்குத்தான். இன்னிக்கு ஜுரம் வரலாம், ஊசி போட்ட எடம் வீங்கலாம். சீக்கிரம் சரியாயிடும். பால் குடிக்கலன்னா, ஜுரம் விடலன்னா எனக்குப் போன் பண்ணு."

மனைவி என்னைப் பார்த்தாள். அவள் நினைப்பது தூளியைத்தான் என்று எனக்குத் தெரிந்தது. நான் தலையசைத்தேன். குழந்தையை நீட்டினாள்.

மதியத்துக்குப் பிறகு குழந்தைக்கு உடம்பு சுட்டது. இடது தொடையில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டிக்கொண்டது. தொட்டாலே வீறிட்டாள். எங்கள் பக்கம் மாட்டுக்குக் கால் வீங்கினால் சாமை உமியை வறுத்து, ஆமணக்கு இலையில் வைத்து, துணியில் கட்டி, சுடச்சுட ஒத்தடம் கொடுப்போம். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். உமியை வறுத்து மூட்டையும் கட்டிவிட்டேன். அப்போது மனைவியின் தம்பி பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

"இன்னா மாமா, எந்த மாட்டுக்கு?"

"உங்க அக்கா பொண்ணுக்கு."

"நாலு ஸ்டேட்டு சுத்துன ஆளுன்னு வெளிய பேரு. பச்சக் கொயந்த தோலு மாமா, வெந்துடும். இரு, நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு வர்றேன்."

சிக்னல் கிடைக்கிற பாறை வரைக்கும் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"சூடு வெக்கவே கூடாதாம். தேய்க்கவும் கூடாது. சுத்தமான ஈரத்துணி போதுமாம். அவுங்க குடுத்த ஜுர மருந்த சொன்ன அளவுக்குக் குடுங்க, பால நிறுத்தாதீங்கன்னாங்க. உமி மூட்டைய உன் முட்டிக்கு வெச்சிக்கச் சொன்னாங்க."

"நர்ஸம்மாவா அத சொன்னாங்க?"

"கடைசிது நான் சொன்னது."

மனைவி சிரித்துவிட்டாள். வருடக்கணக்காகக் குழாய் தூக்கிய முட்டி என்னுடையது. மூட்டை வீணாகவில்லை. மறுநாள் ஜுரம் விட்டது. கட்டி மெல்லக் கரைந்தது.

அடுத்த ஊசிக்கு நான் ஊரில் இல்லை. குழந்தைக்கு ஈரத்துணியை மனைவியே வைத்தாள். ஒன்பதாம் மாத ஊசிக்கு முன்னால் மழை பிடித்தது. நானும் வந்துவிட்டேன். அந்த வாரமே குழந்தைக்கு இருமல். மனைவி அதன் சட்டையைத் தூக்கினாள். இரண்டு பேரும் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். குழி விழவில்லை. ஆனாலும் பஸ் பிடித்து ஆலங்காயம் இறங்கினோம்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முன்னும் பின்னும் வைத்துக் கேட்டார். "நெஞ்சு சுத்தமா இருக்கு. சாதாரண சளிதான். இதுக்காக ஊசிய தள்ளிப் போடாதீங்க." அங்கேயே போட்டுவிட்டார்கள்.

சளி லேசாகப் போனது ஊசியால்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

திரும்புகிற பஸ்ஸில் குழந்தை மடியில் தூங்கிவிட்டது. பிறந்ததிலிருந்தே, அது தூங்கும்போது மனைவியின் கை அதன் நெஞ்சின் மேல் இருக்கும். நான் வேர்க்கடலை வாங்கி நீட்டினேன். அவள் கையை எடுத்துக் கடலையை உடைக்க ஆரம்பித்தாள். மலை ஏறி முடிகிற வரைக்கும் அந்தக் கை குழந்தையின் நெஞ்சுக்குத் திரும்பவில்லை.