முத்திரை சார் ஏலத்தில் எடுத்த கேமரா

சந்தையில் அவருக்கு முத்திரை சார் என்று பெயர். தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற அரசு ஆய்வாளர். அவர் தெருமுனையில் திரும்பும்போதே மீன்கடைக்காரர் தராசுத் தட்டின் அடியிலிருந்து காந்தத்தை உருவிப் பைக்குள் போட்டுக்கொள்வார். இருபத்திரண்டு வருட சர்வீஸில் தன்னை ஏமாற்றியவர் யாருமில்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வாங்கிய தக்காளியைக்கூட மறுபடி நிறுத்துப் பார்ப்பார். இருபது கிராம் குறைந்தால் திரும்ப நடந்துபோய்க் கேட்டு வாங்கி வருவார்.

அப்படிப்பட்டவருக்கு இணைய ஏலத்தில் இருந்த ஒரு பழைய ஃபிலிம் கேமராவின் மேல் ஆசை விழுந்தது. ஏலம் முடிகிற நேரத்தில் அலுவலகக் கழிவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தொகையை ஏற்றிக்கொண்டே போனார். கடைசி நொடியில் வேறு யாரோ தட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை அவர் கைபேசிக்கு, கேமராவை விற்பவர் என்று சொல்லிக்கொண்டு ஒரு செய்தி வந்தது. ஏலம் எடுத்தவர் பணம் கட்டாமல் நழுவிவிட்டார், அடுத்த இடம் உங்களுடையது, தளத்தின் வழியாகப் போனால் கமிஷன் பிடிப்பார்கள், என் கணக்குக்கு நேரே அனுப்பினால் விலையைக் குறைக்கிறேன் என்றது அது. ரசனை உள்ளவர் கையில் சேர்வது கேமராவின் அதிர்ஷ்டம் என்று முடிந்திருந்தது. அந்தக் கடைசி வரியை மட்டும் மனைவிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. எந்தப் பெட்டி கைக்கு வந்தாலும் முதலில் காலாவதித் தேதியைத் திருப்பிப் பார்த்துப் பழகியவர்.

"கேமரா பக்கத்துல ஒரு கரண்டிய வச்சு, இன்னைக்கே ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. கையில பொருள் இருந்தா அனுப்பட்டும்."

"கரண்டியா? பெரிய மனுஷன்கிட்ட அப்படியெல்லாம் கேக்க முடியுமா?"

"தக்காளிக்காரம்மாகிட்ட மட்டும் கேக்க முடியுதே."

மத்தியானமே பணத்தை அனுப்பிவிட்டார். பார்சலுக்குக் காப்பீடு என்று இன்னொரு தொகை கேட்டார்கள்; அதையும் அனுப்பினார். பிறகு அந்த எண் அணைந்து போனது.

ஒரு வாரம் பொறுத்துத் தளத்துக்குப் போன் போட்டால், பேசிய பெண் மரியாதையாகவே சொன்னார். அந்தச் செய்தியை அனுப்பியவர் கேமராவை விற்றவரே இல்லையாம். கேமரா ஏலம் எடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து மூன்று நாளாகிறதாம். வெளியே கட்டிய பணத்துக்குத் தளம் பொறுப்பில்லை என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறதாம். அந்தச் சிவப்பு எழுத்தை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்ட காவலர், தொழில் என்ன என்று கேட்டார். முத்திரை சார் மெல்லிய குரலில், அரசு ஊழியர் என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு அவருக்கு உலகமே திருடர் கூட்டமாகிவிட்டது. அடுத்த ஏலத்தில் ஒரு பள்ளி ஆசிரியை கேமரா விற்றார். அவரிடம் முப்பத்தோரு கேள்வி கேட்டார். கரண்டியோடு ஒரு படம், முள்கரண்டியோடு ஒரு படம், கடைசியில் அவருடைய அடையாள அட்டை. மிரண்டுபோன ஆசிரியை இவர்தான் மோசடிக்காரர் என்று புகார் கொடுத்துவிட்டார். தளம் முத்திரை சாரின் கணக்கை ஒரு மாதம் முடக்கியது.

அந்த ஒரு மாதத்துக்குள் மனைவி தன் கணக்கிலிருந்து ஒரு கேமரா வாங்கினார். விற்பவரைப் பற்றி வாங்கியவர்கள் எழுதியிருந்த திட்டுகளை முதலில் படித்தார். கரண்டிப் படம் கேட்டார், வந்தது. பணத்தைத் தளத்தின் வழியாகவே கட்டினார். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அந்தக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அலுவலகம் போன முத்திரை சார், இணைய ஏலத்தில் ஏமாறாமல் எடுத்தேன் என்றார். உடனே அவரைத் துறையின் நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசப் போட்டுவிட்டார்கள். இருபது நிமிடம் பொதுவாகப் பேசினார். கூட்டம் கொட்டாவி விட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"சார், நீங்க எப்பவாவது ஏமாந்திருக்கீங்களா?"

மூன்றாம் வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை சார் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பிறகு கழிவறைக் கதவிலிருந்து ஆரம்பித்தார். முன்வரிசையில் ஒவ்வொருவராகப் பேனாவை எடுத்தார்கள்.