தின்று முடித்த ஆடு

நீஷ் நகரத்துக் கல்லூரியில் துன்யா முதல் வருஷமே கணக்கில் தோற்றாள். அரசாங்கம் கொடுத்திருந்த இலவச இடமும் பறிபோனது. வீட்டிலோ, "பாஸாயிட்டேம்பா" என்று கூசாமல் பொய் சொன்னாள். அப்பா சும்மா இருப்பாரா? முழு ஆட்டைத் தீயில் சுட்டு, தெருவையே கூப்பிட்டு விருந்து வைத்தார். நடுவில் உட்கார்ந்து அவளும் தின்றாள், வெட்கங்கெட்டவள்.

பிறகு இரண்டு வருஷம் ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துதான் கல்லூரிக் கட்டணம் கட்டினாள். நேற்று அதே கணக்கில் பாஸானாள், இந்தத் தடவை நிஜமாகவே. கடையிலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"என்னடா கண்ணு, குரல் துள்ளுது? நல்ல சேதியா?"

வாய்வரை வந்ததை விழுங்கினாள். "சும்மாதாம்பா."

"அட! இன்னொரு ஆடு போடலாம்னு பார்த்தேன். அன்னைக்குத் தின்னவனுங்க இன்னும் உன் மூளையைப் பத்தித்தான் பேசுறானுங்க."

போனை வைத்தாள்.

கூட வேலை பார்க்கும் ஸ்லாவ்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும். "பாஸானவதானே விருந்து வைக்கணும்? எங்கடி என் பங்கு?" என்றாள்.

துன்யா மாவுக்குள் கையை விட்டாள்.

"அதை எங்க ஊர்ல எப்பவோ தின்னுட்டாங்க."