நடுங்காத அக்கார்டியன்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பிரெஞ்சு பேசும் ஒரு வெளிநாட்டு நகரத்தின் புறநகரான பியர்பொன்ட்ஸில் அந்த வரிசை வீடுகள் எல்லாமே அப்படித்தான். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து ‘நூறு ஆயுசு’ சொல்லலாம். அந்தப் பக்கத்தில் இருந்தது ஓர் ஐரிஷ் தம்பதி. சனிக்கிழமை மத்தியானமானால் வீட்டுக்காரர் சமையலறையில் உட்கார்ந்து ஃபிடில் வாசிப்பார். ஃபிடில் என்றால் நம் வயலின்தான். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் ஆட, காலால் தரையை உதைத்து வாசித்தால் அது ஃபிடில் ஆகிவிடுகிறது. கூட வாசிக்க இரண்டு சிநேகிதர்கள் வருவார்கள், ஒருவர் ஃபிடிலோடு, ஒருவர் குழலோடு.

முதல்முறை கேட்டபோது நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அட, ஹரிகாம்போதி ராகம்! ஹரிகாம்போதிக்கு பஸ் தவறிப்போகிற அவசரம் வந்தால் எப்படி ஓடுமோ அப்படி ஓடியது. கரண்டியோடு போய்ச் சுவரில் காதை வைத்தேன். கடுகு கருகிவிட்டது. அன்று ரசத்தை என் கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், முகம் மட்டும் சொன்னது.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் பக்கத்து ஊரான புவாண்ட்-கிளேரில் இன்ஜினியர். காலையில் காரை எடுத்துக்கொண்டு போனால் சாயங்காலம்தான் வருவார். எனக்கு இருந்த ஆங்கிலம் பரீட்சை எழுத உதவும், பேச உதவாது. பிரெஞ்சில் வணக்கத்துக்குப் போன்ழூர், நன்றிக்கு மெர்சி, இரண்டும் தெரியும். இரண்டையும் சொல்லிவிட்டால் கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டியதுதான். இரண்டு வருஷமாக இப்படி.

பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு சனிக்கிழமை என்னை டீ குடிக்கக் கூப்பிட்டாள். அந்தச் சமையலறையில் யாரும் யாரோடும் பேசவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார்கள். எனக்குச் சொர்க்கமாக இருந்தது. அதன்பின் வாராவாரம் போனேன். மூன்று மாதம் மூலையில் டீக்கோப்பையோடு உட்கார்ந்த பிறகு, எனக்கு மூலை போதவில்லை. அந்த வட்டத்தில் ஒரு நாற்காலி வேண்டும் என்று இருந்தது. வெட்கம்கெட்ட ஆசைதான். ஆனால் அந்த ஊருக்கு வந்தபிறகு நான் எதற்காவது ஆசைப்பட்டேன் என்றால் அது ஒன்றுக்குத்தான்.

கல்யாணத்துக்கு முன் பஜனைகளுக்கு ஹார்மோனியம் வாசித்தவள் நான். அந்த அம்மாளிடம் கையை ஆட்டி அதை விளக்கினேன். “அப்போ பியானோ அக்கார்டியன் வாங்கிக்கோ! அதே கட்டைதான், மார்ல மாட்டிக்கணும், அவ்வளவுதான்” என்றாள். ஃபிடில்காரர் முகம் பாகற்காய் தின்ற மாதிரி ஆனது. முன்பு ஒருவர் பெரிய அக்கார்டியனோடு வந்து, ஒரு மாதம் இவர்கள் ஃபிடில் இவர்களுக்கே கேட்காமல் செய்துவிட்டாராம்.

“ஒரே ஒரு சனிக்கிழமை கொண்டு வாங்க” என்றார் கடைசியில். “சத்தத்துல எங்களை மூழ்கடிச்சா அதோட சரி.”

என் கணவரிடம் சொன்னேன். அவர் கிராஃப் தாளும் பென்சிலும் எடுத்துவிட்டார். அவருக்கு எந்தப் பொருளும் பெரிதாக இருக்க வேண்டும். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை எடுப்பவர் மாதிரி எதையும் இரண்டு அளவு கூட்டித்தான் வாங்குவார்.

“இடது கைப் பக்கம் கீழ்ச்சுரத்துக்கு நூத்தியிருபது பொத்தான் இருக்கறதைத்தான் வாங்கணும். பின்னாடி உதவும்.”

“ஏங்க, எனக்கு முப்பத்திரண்டு வயசு. இனிமே எங்க வளரப்போறேன்?”

நகரத்து நடுவில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். நூற்றிருபது பொத்தான் பெட்டியை விற்பனைக்காரப் பையன் இரண்டு கையாலும் தூக்கிவந்தான். நான் பழக்கத்தில் புடவையைச் செருகிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதை முன்னால் படுக்க வைத்து, இடது கையால் துருத்தியைத் தூக்கினேன். அது பசுமாடு மாதிரி ஒரு பெருமூச்சு விட்டது. கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பையன் ஓடிவந்து என்னை எழுப்பி, நாற்காலியில் உட்கார வைத்து, வாரைத் தோளில் மாட்டிவிட்டான். அதற்குப் பின்னால் நான் இருக்கிறேன் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

இழுத்தேன். மூடினேன். மூடும்போது புடவை முந்தானையும் துருத்தி மடிப்புக்குள் போய்விட்டது.

“இழுக்காதே, பட்டு கிழிஞ்சிடும்!” என்றார் என் கணவர் தமிழில். “இழுக்காதீங்க, துருத்தி கிழிஞ்சிடும்!” என்றான் பையன் ஆங்கிலத்தில். நான் யார் பேச்சையும் கேட்காமல் அப்படியே பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். மானேஜர் வந்து ஒவ்வொரு மடிப்பாக விரித்து முந்தானையை எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்ததும், “சத்தம் நல்லா கணீர்னு இருந்தது” என்றார் என் கணவர்.

அடுத்த வாரம் லொங்குய்ய். ஒரு இத்தாலியக் கிழவர் பழைய அக்கார்டியன்களைப் பழுதுபார்த்து விற்கிறார் என்று கேள்விப்பட்டு, மஞ்சள் கோடு மெட்ரோவில் ஆற்றைத் தாண்டிப் போனோம். இந்த முறை முந்தானைக்குப் பாதுகாப்பாக என் கணவரின் குளிர்கால ஓவர்கோட்டைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் பூட்டியிருந்தேன். கிழவரின் கடை வீட்டின் நிலவறையில், சூடேற்றும் அடுப்புக்குப் பக்கத்தில். ஐந்து நிமிஷத்தில் இட்லிப் பானைக்குள் இருப்பது போல வெந்துபோனேன்.

கிழவர் தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்ததை எடுத்து, கண்ணை மூடி வாசித்தார். என் கணவரும் கண்ணை மூடினார். எனக்குப் பல் கூசியது.

“என்னங்க இது, மூணு பேர் மூணு சுருதியில பாடறாங்களே!”

விஷயம் அதுதான். ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே இரண்டு மூன்று ரீடுகள், அதாவது உலோக நாக்குகள், சேர்ந்து ஒலிக்கும். அவற்றை வேண்டுமென்றே மயிரிழை விலக்கி வைத்திருப்பார்கள். அதனால் சுரம் நடுங்கும். அந்த நடுக்கத்தைத்தான் அழகு என்கிறார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்து சுருதி சேரவில்லையென்றால் தொடையில் அடி. அழகாவது!

இதைக் கிழவரிடம் சொல்ல என்னிடம் பாஷை இல்லை. ஓவர்கோட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்து, ‘ஸா’ என்று பாடினேன். ஒற்றை விரலைக் காட்டினேன். பிறகு அவர் கட்டையை அழுத்தி, மூன்று விரலை விரித்துக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டேன். கிழவருக்குக் கோபம் வந்து இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். நான் தமிழில் ஏதோ சொன்னேன். இரண்டும் வேறு வேறு பெட்டிகளோடு ஏழு தடவை நடந்தது. ஏழாவது தடவை அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “ஆ!” என்று எழுந்து போய், அலமாரியின் அடியிலிருந்து ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியை உருவினார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழகுவது. நாற்பத்தெட்டே பொத்தான். முன்பக்கம் கண்ணாடிக் கற்கள் பதித்து, அதில் பாதி உதிர்ந்து, கல்யாண மேடையைப் பாதி பிரித்த மாதிரி இருந்தது. மாட்டிக்கொண்டு, என் சுருதியான ஐந்து கட்டையை அழுத்தினேன். கீழே ஒரு சுரம், அதற்கு நேர் மேல் ஸ்தாயியில் ஒரு சுரம், நடுவில் சண்டை இல்லை. அழுத்திக்கொண்டே கூடப் பாடினேன். என் குரல் எது, பெட்டி எது என்று எனக்கே தெரியாமல் சேர்ந்தது. அந்த வியர்வையிலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

“இது குழந்தைங்க சாமான்” என்றார் என் கணவர். “நாலு பேர் பாத்தா என்ன சொல்வாங்க?”

“நாலு பேர் இல்லை, மூணு பேர்தான் அங்க. இதை நான் கழட்டமாட்டேன்.”

நிஜமாகவே கழற்றவில்லை. அவர் கிழவரைப் பார்த்தார், கிழவர் கூரையைப் பார்த்தார். அன்று அது எங்களுடையதாயிற்று.

அதற்கு உறை கிடையாது. அப்படியே மடியில் வைத்து, மேலே ஓவர்கோட்டைச் சுற்றிக்கொண்டு மெட்ரோவிலும், பிறகு பஸ்ஸிலும் வந்தேன். துருத்தியைப் பூட்டும் வார் அறுந்திருந்தது. பஸ் குலுங்கியபோதெல்லாம் கோட்டுக்குள்ளிருந்து ‘ங்ஙே’ என்று சத்தம். எதிரில் இருந்த பாட்டியம்மாள் குழந்தை என்று நினைத்து ‘பெபே, பெபே’ என்று நெகிழ்ந்துபோய்க் கோட்டை மெல்ல விலக்கினாள். உள்ளே பெட்டி தன் வெள்ளைக் கட்டைப் பல்லைக் காட்டியது. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் மெர்சி சொன்னேன்.

வீட்டில், சுவரில் காதை வைத்துக் கேட்டு, ஒரு நோட்டில் ‘ரி ப ப, த ப’ என்று சுரம் எழுதிப் பழகினேன். ஒரு மாதத்தில் ஒரே ஒரு மெட்டு தேறியது. இடது கையைத் துருத்தி இழுக்க மட்டும் வைத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு பொத்தானும் சும்மா கிடப்பதை என் கணவரால் தாங்க முடியவில்லை. “ஒண்ணையாவது அமுக்கேன்” என்று கெஞ்சுவார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. பக்கத்து வீட்டுக்குப் போவதற்கு இருபது அடி நடை. மூழ்கடித்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை மூலையில்கூட எந்த முகத்தோடு உட்காருவது? என் கணவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். அந்த அம்மாள் ஒரு நாற்காலியை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டாள். ஃபிடில்காரர் என் பெட்டியில் மிச்சமிருந்த கண்ணாடிக் கற்களைப் பார்த்தார், ஒரு நீளப் பெருமூச்சு விட்டார்.

“ஒரு ஏ கொடுங்க” என்றார்.

ஏ என்று அவர்கள் சொல்லும் சுரம் நமக்கு ஆறு கட்டை. பரீட்சை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். ஒற்றைச் சுரம், நேராக, ஆடாமல் போய் அந்தச் சமையலறையில் நின்றது. ஃபிடில்காரர் புருவத்தை உயர்த்தினார். பிறகு தலையைச் சாய்த்து, தன் ஃபிடிலின் முறுக்காணியைத் திருக ஆரம்பித்தார். இன்னொரு ஃபிடில்காரரும் திருகினார். குழல்காரர் தன் குழலின் தலைத்துண்டைக் கொஞ்சம் வெளியே இழுத்து, ஊதிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இழுத்தார். அவர்களுடையதைத் திருகலாம், இழுக்கலாம். என் பெட்டியை அப்படி மாற்ற முடியாது. அதனால் அவர்கள்தான் இதனிடம் வரவேண்டும்.

இரண்டு வருஷமாக அந்த ஊரில் நான்தான் என்னைத் திருகிக்கொண்டிருந்தேன். சொல்லை மாற்றி, நடையை மாற்றி, செருப்பை மாற்றி, சிரிப்பைக்கூட மாற்றி. இப்போது மூன்று பெரிய மனுஷர்கள் தலையைக் குனிந்து, என் விரலுக்கடியில் இருந்த ஒரு சுரத்துக்குச் சரியாக வரப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. விரலை எடுக்கவே மனசில்லை.

“போதும்மா, சேர்ந்துடுச்சு” என்றார் ஃபிடில்காரர்.

எனக்குப் போதவில்லை. துருத்தியை மறுபக்கம் தள்ளி, இன்னொரு தடவை கொடுத்தேன்.