சசிகரனின் முட்டைத் தட்டு

ஏழு கடலைகளையும் ஒவ்வொன்றாக முட்டைத் தட்டின் குழிகளில் வைத்து முடிக்கும்வரை சசிகரன் தேநீரைத் தொடமாட்டார். பிறகு தட்டை இரண்டு கைகளாலும் பிடித்து இடம் வலமாக ஆட்டுவார். திருகோணமலை உள்துறைமுக வீதியில் ஸெய்னுதீனின் தேநீர்க்கடைக்குப் புதிதாக வருபவர்கள் மனிதருக்கு ஏதோ நரம்பு வருத்தம் என்று நினைத்து, தள்ளிப்போய் அமர்வார்கள்.

"இந்தக் கடலைதான் இலத்திரன். நான்தான் லேசர்," என்பார், யாரும் கேட்காமலே.

கம்பஸில் பௌதிகம் படிப்பிக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. வலிய லேசர் ஒளி பட்டால் அணுவில் இருக்கும் இலத்திரன் பிய்த்துக்கொண்டு ஓடும். அந்த ஓட்டம் எந்தக் கமராவுக்கும் பிடிபடாது. ஆகவே விஞ்ஞானிகள் ஒளியாலேயே முட்டைத் தட்டுப்போலக் குழிகள் செய்து, கடுங்குளிரில் அடக்கிய அணுக்களை அவற்றில் இருத்தி, குழிகளை ஆட்டுகிறார்கள். இலத்திரன் கண்மூடித் திறக்குமுன் செய்து முடிப்பதை, அதற்குப் பதிலாக இந்த அணு ஆறுதலாக, மெல்ல மெல்லச் செய்து காட்டும்.

இதெல்லாம் நடப்பது ஜேர்மனியில், ஓர் ஆய்வுகூடத்தில். சசிகரனிடம் லேசரும் இல்லை, குளிர்ந்த அணுவும் இல்லை. ஸெய்னுதீனின் கடையில் ஐஸ்கூட இல்லை. இருப்பது ஒரு கணினியும் அதில் அவர் போடும் கணக்கும்தான். இலத்திரனுக்காக அணு நடிக்க, அணுவுக்காகக் கணினி நடிக்க, கணினிக்காகக் கடலை நடிக்கிறது. ஆனாலும் "என்ட அணுக்கள்" என்றுதான் சொல்வார், ஏதோ வீட்டில் வளர்க்கிற கோழிகளைப்போல.

தட்டை வேறு எவரும் தொடக்கூடாது. கடலை தரையெல்லாம் சிதறுகிறது என்று ஸெய்னுதீன் முறைப்பட்டதால், சசிகரனே சுற்றிவரக் காகித மட்டையால் ஒரு சுவர் ஒட்டியிருக்கிறார்.

அவருடைய கண்டுபிடிப்பு இதுதான்: ஆட்டம் நின்று நெடுநேரமான பிறகும், வெளியே எறியப்பட்ட அணு தானாகத் திரும்பி வந்து பழைய குழியிலேயே விழுகிறது. "உலகத்தில ஒருத்தரும் இதைக் காணேல்லை. பேர் நான் வைக்கமாட்டன். அவங்களே என்ட பேரை வைப்பாங்கள்." ஜேர்மன் ஆய்வுகூடமும் நம்பிவிட்டது. இதற்கென்றே மூன்று வாரம் கருவிகளை ஒதுக்கி, அவரையும் வரச்சொல்லியிருந்தது. ஜேர்மன் குளிருக்கென்று வாங்கிய கம்பளிக் கோட்டைத் திருகோணமலை வெயிலில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தவர் இவர் ஒருவர்தான். வடிந்த வியர்வையை, பக்கத்து மேசையில் தேநீர் குடிக்கும் நான் என் கண்ணால் கண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விமானம், திங்கட்கிழமை அங்கே வேலை தொடங்கவேண்டும். சனிக்கிழமை பின்னேரம் ஷிஃபானா மடிக்கணினியோடு கடைக்கு வந்தார். கிண்ணியாக்காரர், கம்பஸில் உதவி விரிவுரையாளர். கணக்கைச் சரிபார்க்கும் வேலையைச் சசிகரனேதான் கொடுத்திருந்தார், பாராட்டை எதிர்பார்த்து.

"சேர், கணக்கில அணுவ ஒரு பெட்டிக்குள்ளதானே ஓட விட்டிருக்கிறீங்க. பெட்டிய ரெண்டு மடங்காக்கிப் பாத்தன், அணு ரெண்டு மடங்கு நேரம் சுணங்கித் திரும்புது. நாலு மடங்காக்கினா நாலு மடங்கு சுணக்கம். அது தானா வரல்ல சேர், பெட்டிச் சுவரில பட்டுத்தான் வருது. அவங்கட ஆய்வுகூடத்தில அப்பிடிச் சுவரே இல்லையே. திங்கட்கிழமைக்கு முன்னம் சொல்லணும்."

"பிள்ளை, நீங்கள் கணக்கைப் பாக்கிறியள். நான் இயற்கையைப் பாக்கிறன்," என்று தட்டை எடுத்து ஆட்டினார். ஒரு கடலை துள்ளி வெளியேறி, மட்டையில் முட்டி, உருண்டு வந்து குழியில் விழுந்தது. "பாருங்கோ! திரும்பி வந்ததெல்லோ?"

"மட்டை இரிக்கிறதால வந்திச்சு சேர்," என்றார் ஸெய்னுதீன், கோப்பை கழுவியபடி. "இல்லாட்டி என்ட கடைத் தரையிலதான் கிடக்கும்."

வெளியே இழுவைப் படகொன்று போனது. அதன் அலை துறைமுகச் சுவரில் மோதித் திரும்பியது. பதினொரு வருடமாக அதே கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் சசிகரன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

சசிகரன் மட்டையைப் பிய்த்தெடுத்தார். மறுபடி ஆட்டினார். கடலை துள்ளித் தரையில் விழுந்து, வாசலைத் தாண்டி வீதிக்குப் போனது. கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

பிறகு கைபேசியில் ஜேர்மனிக்குக் கடிதம் எழுதி, எங்களுக்கும் விளங்கத் தமிழில் சொன்னார். "எங்கட கணக்கில ஒரு பிழை நடந்திட்டுது."

பெயர் வைக்கும்போது கண்டுபிடிப்பு அவருடையது. பிழை மட்டும் எல்லாருக்கும் பொது. ஷிஃபானா அவரை நேரே பார்த்துக்கொண்டு தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

"சரி, சரி. என்ட கணக்கில." திருத்தி, அனுப்பினார்.

"அப்ப அந்தக் கோட்டு, சேர்?" என்று கேட்டார் ஸெய்னுதீன்.

சசிகரன் மிச்சக் கடலைகளைக் குழிகளில் சரியாக இருத்திவிட்டு, தட்டை ஷிஃபானாவின் பக்கம் தள்ளிவைத்தார்.