ஹீட்டர் இருந்த மூலை

அப்பாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம், ஹாலில் இருந்த மீன்தொட்டியை அவர் அறைக்கு மாற்றினோம். பக்கவாதத்துக்குப் பிறகு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு இல்லாமல் போயிருந்தது. தட்டின் வலது பாதியில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவார். இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் வலப்பக்கம் தேடுவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.

பிசியோதெரபி செய்ய வரும் பெண் சொன்னார்: "அசையிற மாதிரி எதையாவது இடதுபக்கம் வைங்க சார். நாம திருப்பக் கூடாது. அவராத் திரும்பணும். இல்லன்னா கழுத்து இப்படியே நின்னுரும்."

அப்படித்தான் தொட்டி அவருக்கு இடப்பக்கம் வந்தது. அது கடல்மீன் தொட்டி, என் மனைவி ஆசைப்பட்டு வாங்கியது. சின்ன மீன்கள் சிலவும் ஓர் ஏஞ்சல் மீனும் இருந்தன. ஏஞ்சல் மீன் உள்ளங்கை அகலம். நீல உடம்பில் மஞ்சள் கோடுகள். அப்பாவின் கண் முதலில் அதைப் பிடித்தது. சில நாள் கழித்துக் கழுத்தும் கொஞ்சம் வந்தது.

படுக்கையில் வேர்க்கக் கூடாது என்று அறையில் ஏசி எந்நேரமும் ஓடியது. தண்ணீர் குளிர்ந்து மீன்கள் ஒடுங்கின. மீன் வாங்கிய கடைக்குப் போய் ஹீட்டர் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தூத்துக்குடில ஹீட்டர் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான் சார். ஊட்டிக்கு மாத்தலா?"

மேல்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார். கண்ணாடிக் குழாய். தொட்டியின் கடைசி மூலையில், படுக்கையிலிருந்து பார்த்தால் இடப்பக்கக் கோடியில், பொருத்தினேன். அதன்பின் ஏஞ்சல் மீன் மாலையானால் அந்த மூலைக்குப் போய் ஒதுங்கியது. அப்பாவின் கழுத்தும் அதுவரை போனது. பிசியோதெரபி பெண் அதைத் தன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டார்.

புண்ணை முதலில் பார்த்தது என் மனைவி. மீனின் வலது விலாவில் மஞ்சள் கோடுகள் நடுவில் விட்டுப்போயிருந்தன, அச்சுத்தட்டு தேய்ந்தால் வரிகள் விட்டுப்போவதுபோல. அந்த இடம் வெளுத்து, பிறகு செதில் உரிந்து சிவந்தது. படம் எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். அவர் போனில் கேட்டார்.

"வெள்ளப் புள்ளி இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

"கல்லுல ஒரசுதா? மூச்சு வாங்குதா? புண்ணுல பஞ்சு மாதிரி எதாவது?"

"இல்ல. எறாத் துண்டு போட்டா ஓடி வருது."

"அப்பம் ஒட்டுண்ணி இல்ல, பூஞ்சையும் இல்ல. எதுலயாவது இடிச்சிருக்கும், அதுல கிருமி ஏறிட்டு. தனியா எடுத்துப்போட்டு மருந்து குடுங்க."

பத்திரிகையில் மாவட்டச் செய்தி எழுதுகிற வேலை எனக்கு. பார்த்ததை மட்டும் சொல்லிப் பழக்கம். கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னேன். மீன் எங்கே தூங்குகிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுக்களைக்குப் பின்னால், பிளாஸ்டிக் தொட்டியில் கடல்தண்ணீர் ஊற்றி, காற்றுக்குழாய் போட்டு, மீனை அதில் விட்டோம். ஆன்டிபயாடிக் கலந்து, தண்ணீரைப் பாதி பாதியாக மாற்றினேன். புண் ஆறியது. இங்கே அப்பாவின் தலை வலப்பக்கம் சாய்ந்து அங்கேயே கிடந்தது. மிச்ச மீன்கள் சின்னவை. அவர் கண்ணுக்கு எட்டவில்லை. வலது இடுப்பில் படுக்கைப் புண் வந்தது. இடப்பக்கம் சாய்த்துத் தலையணையை அண்டைகொடுத்தால் முனகி, உடம்பை நெளித்து, பழையபடி வந்துவிடுவார்.

"என்ன சார், பின்னால போயிட்டாரே?" என்றார் பிசியோதெரபி பெண்.

மீனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். அப்பா பார்த்தார். நிதானமாகத்தான், ஆனாலும் பார்த்தார். அடுத்த வாரம் மீனின் அதே விலாவில், அதே இடத்தில், அதே அளவில் புண் வந்தது.

அப்போது என் போனில் இரண்டு புண்களின் படங்கள் மாறி மாறி இருந்தன. அப்பாவின் புண்ணை டாக்டருக்காக ஸ்கேல் வைத்து எடுப்பேன். மீனுடையதைக் கண்ணாடியோடு ஸ்கேலை ஒட்டி எடுப்பேன். ஒருநாள் கடைக்கு அனுப்பவேண்டிய படத்துக்குப் பதில் அப்பாவின் இடுப்பு போய்விட்டது. உடனே போன் வந்தது.

"சார், இது மீனில்லயே."

"எங்கப்பா. மாத்தி அனுப்பிட்டேன்."



"எங்க மாமியாருக்கும் இருந்துச்சு. ஒரே பக்கமாப் படுத்தா வாரதுதான." உடனே கேட்டார்: "சார், அந்த மீனு எங்கன படுக்கு?"

"ஹீட்டர் பக்கத்துல."

"பக்கத்துலயா, ஒட்டியா?"

அன்று மாலை தொட்டி விளக்கை அணைத்துவிட்டு நின்று பார்த்தேன். மீன் கோடி மூலைக்குப் போய், ஹீட்டருக்கும் கல்லுக்கும் இடையில் நுழைந்தது. வலது விலா கண்ணாடிக் குழாயில் படிந்திருந்தது. ஹீட்டர் சூடேறி அதன் சிவப்பு விளக்கு எரிந்தபோதும் நகரவில்லை.

"சூடுதான் சார் அது" என்றார் அண்ணாச்சி. "மருந்தெல்லாம் வேண்டாம். ஹீட்டரத் தூக்குங்க, ஏசிய ஏத்தி வைங்க. தண்ணி சுத்தமா இருக்கட்டும். எறாவுல வைட்டமின் சொட்டு விட்டுக் குடுங்க, தானா ஆறிரும். தொட்டிய விட்டு மட்டும் எடுத்துராதீங்க." பிறகு, "நாந்தான அதத் தொடச்சு வேற குடுத்தேன்" என்றார்.

ஏசியை இருபத்தேழில் வைத்தோம். "மாமாவுக்கு வேர்க்கும். நாந்தான் தொடைக்கணும்" என்றாள் மனைவி. துடைக்கவும் செய்தாள். மீன்புண் ஓரங்களிலிருந்து மூடி வந்தது. நிறம் திரும்பியது, கோடுகள் மட்டும் சேரவில்லை. விட்ட இடம் விட்டபடி இருந்தது.

ஹீட்டர் போனதும் மீன் இடத்தை மாற்றிக்கொண்டது. மாலையானால் இந்தக் கோடியில், அப்பாவின் படுக்கையை ஒட்டிய கல்லுக்குள் போய்விடும். அதைப் பார்க்கக் கழுத்தைப் பெரிதாகத் திருப்ப வேண்டியதில்லை. பிசியோதெரபி பெண்ணிடம் இதைச் சொன்னேன். சாயங்காலம் இருந்து பார்க்கிறேன் என்றார்.

வெளிச்சம் இறங்கியதும் மீன் இந்தப் பக்கக் கல்லுக்குள் நுழைந்தது. அப்பாவின் தலை இடப்பக்கம் திரும்பியது. மீனைத் தாண்டி, முன்பு போன தூரமும் போய், ஹீட்டர் இருந்த கோடி மூலையில் நின்றது. அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது.

"பாருங்க சார், அவராவே" என்று பிசியோதெரபி பெண் போனை எடுத்தார்.

"ஆமா" என்றேன். படத்தில் நிழல் விழாதபடி தள்ளி நின்றுகொண்டேன். அப்பா அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.