தொட்டித் தண்ணீரை நம்பாத கௌசர்

கல்லைக் கையில் எடுத்ததும் கௌசர் முதலில் மோந்து பார்ப்பார். பிறகு ஸ்கூட்டர் சாவியால் ஒரு கோடு கிழிப்பார். உதிர்ந்த தூளை விரல் நுனியில் ஒற்றி, வெயிலில் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கடைசியில், அந்தக் கல் தன்னிடம் ஏதோ மறைப்பது போல அதை முறைத்துவிட்டு, "இருக்கட்டும், பாக்கலாம்" என்று இறக்கி வைப்பார். நல்ல கல் என்று அவர் வாயால் ஒரு தடவை கூட நான் கேட்டதில்லை. அதுவும் என் களத்துக் கல்லை!

என் களத்தைப் பற்றி நானே சொல்லக்கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டுத் தோல் மண்டியில் உப்புத் தட்டப் போனவன் நான். இன்று ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற சாலையில் என் ஹாலோ பிளாக் இல்லாமல் எழும்பிய சுவர் இருந்தால் காட்டுங்கள். மெஷின் வாங்கியபோது கம்பெனிக்காரன் மூன்று நாள் இருந்து சொல்லித் தருகிறேன் என்றான். ஒரே நாளில் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

அப்படிப்பட்ட களத்துக்குத்தான் இந்த அம்மாள் ஒருநாள் வந்தார். வயது நாற்பது இருக்கும். சொந்த ஊர் மேல்விஷாரம். வேலூர் பக்கம் ஒரு காலேஜில் வாத்தியார் வேலை. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்த பிறகு அடியில் ஒரு சேறு தங்கும். அதைக் காயவைத்து மூட்டை கட்டி மலை போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சேற்றோடு, இடித்த வீடுகளின் காங்கிரீட் உடைசலையும் அரிசி ஆலைச் சாம்பலையும் கலந்து, சிமென்டையும் மணலையும் குறைத்துத் தரைக்குப் பதிக்கும் கல் செய்யலாமா என்பது அவருடைய ஆராய்ச்சி. மூன்று வருடமாக காலேஜில் கையகல அச்சில் செய்து பார்த்தாயிற்று. இனி நிஜ மெஷினில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

நான் நம்பவில்லை. ஏதோ ஆபீஸிலிருந்து உளவு பார்க்க வந்தவர் என்றே நினைத்தேன். ஸ்கூட்டர் எங்கே போகிறது என்று பார்த்துவர பைக்கில் ஆள் அனுப்பினேன். அது காலேஜுக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போனது. மறுநாள் அவர் வந்ததும் முதல் பேச்சு இது: "ஐயா, நேத்து பின்னாடியே வந்தாரே பச்சை பைக்குக்காரரு, பாவம், வெயில்ல நின்னுனு இருந்தாரு. உள்ள வந்து மோராவது குடிச்சிருக்கலாம்ல?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. என்னை வாயடைக்க வைத்தவர்கள் இந்த மாவட்டத்தில் அதிகம் பேர் இல்லை. அன்றே மெஷினைத் தரச் சம்மதித்துவிட்டேன்.

சந்தேகப்படுவதில் என்னை விஞ்சியவர் அவர். சிமென்ட் மூட்டையின் தையலைப் பார்ப்பார், யாராவது பிரித்துத் தைத்திருக்கிறார்களா என்று. ஜல்லிக் குவியலில் மேலே இருப்பதை எடுக்கமாட்டார். கையை உள்ளே விட்டு நடுவிலிருந்து எடுப்பார். ஒரே கேள்வியைக் காலையில் என்னிடமும், மதியம் மெஷின் ஓட்டுகிறவரிடமும், சாயங்காலம் முனியம்மாவிடமும் கேட்பார். முனியம்மா என் களத்தில் கல் நனைக்கிற பெண்பிள்ளை. "இன்னா டீச்சரம்மா, போலீஸ் ஸ்டேஷன்ல வேல பாக்க வேண்டியவங்க காலேஜுக்குப் போய்ட்டீங்களே!" என்று அவள் ஒருநாள் கேட்டே விட்டாள். கௌசர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவள் கையிலிருந்த ஹோஸ் பைப்பின் வாயையும் மோந்து பார்த்தார்.

கல் பிரமாதமாக வந்தது. உடைத்துப் பார்க்கும் சோதனையில் என் வழக்கமான கல்லுக்குச் சமமாக நின்றது. என் மெஷினில் வந்தது வேறெப்படி நிற்கும்? ஆனால் கௌசருக்குப் பலம் ஒரு பொருட்டில்லை. தோல் பதனிட ஊற்றுகிற குரோம் மருந்து அந்தச் சேற்றில் கலந்திருக்கிறது. மழை பெய்தால் அது கல்லிலிருந்து கசியுமா என்பதுதான் அவர் கேள்வி. ஏனென்றால் முதலில் இந்தக் கல்லைப் பதிக்கப் போவது பக்கத்து ஊர் அங்கன்வாடி முற்றத்தில். குழந்தைகள் தவழும் இடம். தரையில் வைத்த கை அடுத்த நொடி வாய்க்குப் போகிற வயது.

மூன்று பிளாஸ்டிக் தொட்டிகளைக் களத்தின் மூலையில் வைத்தார். இரண்டில் கல், ஒன்றில் வெறும் தண்ணீர். எது வரைக்கும் தண்ணீர் என்று பெயின்டால் கோடு போட்டார். ஒரு மாதம் ஊறவேண்டும். பிறகு அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து ஒரு மருந்தைச் சொட்டு விட்டால், விஷம் இருந்தால் ஊதா நிறம் காட்டும். இல்லையென்றால் தெளிவாகவே நிற்கும்.

மாதம் முடிந்தது. சொட்டு விட்டார். தண்ணீர் பளிங்கு போல நின்றது.

சேறு கொடுத்த தோல் கம்பெனியின் மேனேஜர் பரணிதரன் ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவோடு வந்துவிட்டார். "மேடம், கலக்கிட்டீங்க! அங்கன்வாடி திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு. ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா நாளைக்கே கல்லு ஏத்திடலாம்." களமே கை தட்டியது. கௌசர் மட்டும் இனிப்பைத் தொடாமல் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்ளோ சுத்தமா வரக்கூடாதே" என்றார்.

"சுத்தமா வந்தா சந்தோஷப்படணும் மேடம்!"

"ஒரு மாசம் சிமென்ட் கல்லு ஊறுன தண்ணி சார், சுண்ணாம்பாவது கொஞ்சம் மேல ஏடு கட்டியிருக்கணும். இதுல ஒண்ணுமே இல்ல. அதான் பேஜாரா இருக்கு."

யாராவது தொட்டியைத் தொட்டார்களா என்று என்னிடம் கேட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. என் அனுமதி இல்லாமல் என் களத்தில் ஒரு செங்கல் துண்டு கூட நகராது என்று சத்தம் போட்டேன். எல்லாரும் போனபிறகு கௌசர் வெறும் தண்ணீர் இருந்த தொட்டியில், துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை நாலு சொட்டு விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே பிறகுதான் தெரியும்.

அடுத்த வாரம் வந்து பார்த்தார். நீலத்தைக் காணோம். தண்ணீர் சரியாகப் பெயின்ட் கோட்டில் நின்றது.

"முனியம்மாக்கா, இந்தத் தொட்டியில நீங்க இன்னா பண்ணீங்க?"

முனியம்மா பெருமையாகச் சொன்னாள்: "நான் ஒண்ணும் சும்மா வுட்டுடல டீச்சரம்மா. கொசு ஒழிக்கிற ஆளுங்க வராங்கல்ல? நின்ன தண்ணியில புழு இருந்தா ஃபைன் போட்டுடுவாங்க. அதான் வாராவாரம் வியாழக்கெழம கவுத்துட்டு, கல்லையும் தேங்கா நாரு போட்டுத் தேச்சிட்டு, நீங்க போட்ட கோடு வரைக்கும் வேற தண்ணி ரொப்பிடுவேன். ஒரு சொட்டு கம்மி இல்ல, ஜாஸ்தி இல்ல. உங்க பொருளாச்சே!"

கௌசர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்தபோது முகம் வெளுத்திருந்தது. முனியம்மாவை ஒரு சொல் திட்டவில்லை. "கொசுவ நான் நெனைக்கவே இல்லக்கா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் வீட்டிலிருந்து பழைய கொசுவலையை வெட்டிக் கொண்டுவந்து, புதுக் கல்லும் புதுத் தண்ணீரும் வைத்து, மூன்று தொட்டிகளின் வாயிலும் இழுத்துக் கட்டினார்.

பரணிதரன் துடித்தார். "மேடம், டெஸ்ட்ல க்ளீன்னு வந்துடுச்சு இல்ல? யாருக்கு தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும் சார்."

திறப்பு விழா தள்ளிப்போயிற்று. நான் இடையில் சும்மா இருக்கவில்லை. எனக்குப் போட்டியாக மாதனூர் பக்கம் களம் வைத்திருக்கிறவன் இவரைத் தூண்டிவிடுகிறானோ என்று இரண்டு பேரிடம் விசாரித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

இரண்டாவது மாதம் முடிந்த அன்று சொட்டு விட்டபோது நானும் குனிந்து பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நூல் இறங்கியது. மெல்ல அகன்று, குழாய் முழுக்கப் பரவியது. வெறும் தண்ணீர்த் தொட்டியில் அந்த நிறம் வரவில்லை.

"லைட்டாதான மேடம் இருக்குது?" என்றார் பரணிதரன். "நாலு மழை பெஞ்சா அடிச்சினு போய்டும்."

"எங்க போவும் சார்?"

"மண்ணுக்குள்ள."

"மண்ணுக்குக் கீழ?"

கௌசர் என் பக்கம் திரும்பினார். "மேல்விஷாரத்துல எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணியும் பாக்கறதுக்குக் கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு ஐயா. கெணத்த மூடுற வரைக்கும் அதத்தான் குடிச்சோம்."

மூன்று வருட உழைப்பு. இனிச் சேற்றைக் குறைத்து, முதலிலிருந்து கலக்கவேண்டும். பரணிதரன் விடுகிறவராய் இல்லை. "சரி, அங்கன்வாடிக்கு வேணாம். எங்க கம்பெனி காம்பவுண்டுக்குள்ளயே போட்டுக்கறோம். நாளைக்கு லாரி அனுப்பறேன்" என்றார். லாரி காம்பவுண்டுக்குத்தான் போகும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. என் வாயால் உத்தரவு வராமல் ஒரு கல் கூட வெளியே போகாது என்று கௌசரிடம் உறுதி சொன்னேன். இந்தச் சாலையில் என் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியும். தலையாட்டினார்.

மறுநாள் காலை நான் களத்துக்குப் போனபோது அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். அடுக்கியிருந்த கற்கள் மேல் தூள் பறக்காதபடி தண்ணீர் அடித்திருந்தார். துப்பட்டாவை மூக்கோடு சேர்த்து இறுகக் கட்டியிருந்தார். கையில் ஒரு சுத்தியல். ஒவ்வொரு கல்லாகத் திருப்பி, ஒரே ஒரு மூலையை மட்டும் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார். மூலை போன கல்லைத் தரையில் பதிக்க முடியாது. யாரும் வாங்கவும் மாட்டார்கள். பாதி அடுக்கு முடிந்திருந்தது.

"இன்னாம்மா இது? நான்தான் வார்த்தை குடுத்தேனே!"

துப்பட்டாவை இறக்கி என்னை நேராகப் பார்த்தார். "உங்க மேல சந்தேகமே இல்ல ஐயா" என்றார். துப்பட்டாவை மறுபடி ஏற்றிக் கட்டிக்கொண்டு, அடுத்த கல்லின் மூலையில் சுத்தியலை இறக்கினார்.